அலை வந்த வழி – 9: டம்ளரில் ஊற்றிய தண்ணீர்

1967 செப்டம்பர் 23-ல் புதுச்சேரி வானொலி தொடங்கியதையும், மீடியம் வேவ் 1215-ல் அது நம் பிரம்மதேசம் பக்கத்து வயக்காடு வரை கேட்டதையும் போன வாரமே பார்த்தாயிற்று. இந்த வாரம் அதன் எஃப்.எம். அலைவரிசையான ரெயின்போ 102.8-ன் முறை. ஆனால் எஃப்.எம். பிறந்த கதையைப் படிக்க உட்கார்ந்தவன் அதை விட்டு எழுந்திருக்கவே இல்லை. அதைச் சொல்லாமல் மேலே போக மனமில்லை.

ஐப்பசி மழையில் ரேடியோ கேட்டவர்களுக்கு நினைவிருக்கும். மின்னல் வெட்டும்போதெல்லாம் செய்தி வாசிப்பவரின் குரலைக் கரகரப்பு விழுங்கிவிடும். மீடியம் வேவில் அலையின் உயரம் கூடிக் குறைந்துதான் ஒலியைச் சுமக்கிறது. மின்னலும் அந்த உயரத்தைத்தான் கலைக்கிறது. அமெரிக்கப் பொறியாளர் எட்வின் ஆர்ம்ஸ்ட்ராங் உயரத்தைத் தொடவில்லை. அதிர்வெண்ணைக் கூட்டிக் குறைத்து அதில் ஒலியை ஏற்றினார். 1933-ல் காப்புரிமை கிடைத்தது.

1935 நவம்பர் 5. நியூயார்க்கில் பொறியாளர்கள் கூடிய அரங்கில் ஒரு ரிசீவர். யாங்கர்ஸில் நண்பர் வீட்டிலிருந்து ஒலிபரப்பு. அங்கே மைக் முன்னால் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்கள். காகிதத்தைக் கசக்கிக் கிழித்தார்கள். சாதாரண ரேடியோவில் இரண்டுமே வெறும் இரைச்சலாகத்தான் கேட்டிருக்கும். அன்று தண்ணீர் தண்ணீராகவே விழுந்தது, காகிதம் காகிதமாகவே கிழிந்தது. பாட்டையோ பேச்சையோ மட்டும் நம்பாமல் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தாரே, அந்த மனிதரின் துணிச்சலை நினைத்து நினைத்து வியக்கிறேன்.

ஆனால் உலகம் அவரைக் கொண்டாடவில்லை. ஆர்.சி.ஏ. போன்ற பெரிய கம்பெனிகளோடு வழக்காடியே கையிருப்பு கரைந்தது. 1954 ஜனவரி 31 இரவில் உயிரை மாய்த்துக்கொண்டார். மனைவி மரியன் விடவில்லை. ஒவ்வொரு வழக்காக நடத்தி வென்றார். மோட்டோரோலாவோடு நடந்த கடைசி வழக்கு முடிந்தது 1967-ல். நம் புதுச்சேரி வானொலி பிறந்த அதே வருஷம்!

இந்தியாவுக்கு எஃப்.எம். வந்தது அதற்கும் பத்து வருஷம் கழித்து. 1977 ஜூலை 23-ல் முதல் ஒலிபரப்பு, அதுவும் நம் சென்னையிலிருந்து. துல்லியம் கிடைத்தது, தூரம் போயிற்று. மீடியம் வேவ் தரையை ஒட்டி வளைந்து வரும், எஃப்.எம். கோபுரத்திலிருந்து ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும். அதனால்தான் இதில் வாட்டைப் போலவே கோபுரத்தின் உயரமும் முக்கியம். சமுதாய வானொலிகளுக்கு அரசு விதித்திருக்கும் வரம்பு 100 வாட், 30 மீட்டர் கோபுரம். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் கேட்டால் பெரிய விஷயம்.

ரெயின்போ பாக்கி நிற்கிறது. அதை அடுத்த வாரம் முடித்துவிட்டு, காலாப்பட்டில் புதுவைப் பல்கலைக்கழகம் 107.8-ல் நடத்தும் சமுதாய வானொலியான புதுவை வாணிக்குப் போவோம். மரக்காணம் சாலையில் அது எந்த ஊர் வரை கேட்கிறது என்று ரேடியோவும் கையுமாகப் பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.