உங்களுக்குத் தெரியுமா? ரயில் போன ஊர், ஆள் போன ஊர்

● திருச்செந்தூர், உடன்குடி, திசையன்விளை வழியில் தேரிக்காட்டு ஓரமாக ஒரு குட்டி ரயில் ஓடியது. தண்டவாளத்தின் அகலம் இரண்டே அடி! குலசேகரன்பட்டினத்தில் பாரி கம்பெனியார் நடத்திய சர்க்கரை ஆலைக்குப் பனங்கருப்பட்டி கொண்டுவரப் போட்ட பாதை அது. ஆட்களும் ஏறிப் போனார்கள். 1940ல் ரயில் நின்றது. அதே குலசேகரன்பட்டினத்தில்தான் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள்.

● மழைக்காலச் செய்திகளில் அடிக்கடி காதில் விழும் பெயர்கள் ஊத்து, நாலுமுக்கு. மாஞ்சோலை, காக்காச்சி, குதிரைவெட்டி போல இவையும் மணிமுத்தாறுக்கு மேலே உள்ள தேயிலை எஸ்டேட்டுகள். சிங்கம்பட்டி ஜமீனிடம் 1929ல் தேயிலைக் கம்பெனி 99 வருடக் குத்தகைக்கு எடுத்த காடு. தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து பறித்தவர்களுக்கு 2024ல் விருப்ப ஓய்வு அறிவிப்பு வந்தது. லைன் வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. மழைமானி மட்டும் இன்னும் கணக்கு எழுதுகிறது.

● 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் பாசஞ்சர் ரயிலோடு தனுஷ்கோடியே போனது. சிதைந்த பாம்பன் பாலத்தை 46 நாளில் சரிசெய்துவிட்டார் பொறியாளர் ஸ்ரீதரன். ஆனால் ரயில் ராமேஸ்வரத்தோடு நின்றுகொண்டது. இலங்கைக்குக் கப்பல் ஏற ஆட்கள் வந்திறங்கிய தனுஷ்கோடி ஸ்டேஷனில் இன்று மொட்டைச் சுவர்கள்தான் மிச்சம்.

● சுரங்கம் செத்தால் ஊர் என்னவாகும்? கோலார் தங்கவயலைப் பாருங்கள். 1902லேயே அங்கே மின்சாரம் வந்துவிட்டது; பெங்களூருத் தெருவிளக்குக்கும் முன்னால்! தமிழ்த் தொழிலாளர்கள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கித் தங்கம் எடுத்தார்கள். 2001 பிப்ரவரி 28ல் மூடினார்கள். மக்கள் இருக்கிறார்கள், பிழைப்புக்கு ரயிலேறி பெங்களூரு போய் வருகிறார்கள். எடுத்த தங்கத்துக்கு அடையாளம், ஊரைச் சுற்றி நிற்கும் சயனைடு மண் மேடுகள்.

● பாண்டியரின் முத்துத் துறைமுகம் கொற்கைக்குப் போனால் கடலைக் காணோம்! வாழையும் வயலும்தான். தாமிரபரணி கொண்டுவந்து கொட்டிய வண்டல் கடலைப் பல கிலோமீட்டர் தள்ளிவிட்டது. பக்கத்து ஊரின் பெயர் அக்காசாலை. நாணயம் அடிக்கும் இடத்துக்குப் பழைய பெயர் அக்கசாலை.

● கொற்கை தூர்ந்தபின் எழுந்தது காயல். அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கிய இந்தத் துறைமுகத்தைப் பற்றி மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். அதையும் ஆறு விடவில்லை. இன்று அது பழையகாயல். பிஷப் கால்டுவெல் அங்கே மண்ணில் கண்டெடுத்தவற்றில் சீனப் பீங்கான் துண்டுகளும் உண்டு.

● ஆதிச்சநல்லூர்ப் பறம்பில் 1876ல் தோண்டிய ஜெர்மானியர் ஜாகோர், கிடைத்ததை பெர்லினுக்குக் கொண்டுபோனார். பின்னால் வந்த அலெக்சாண்டர் ரீ எடுத்தவை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. இப்போதுதான் முதுமக்கள் தாழிகளைத் தோண்டிய குழியிலேயே விட்டு, மேலே கண்ணாடி போட்டுக் காட்டுகிறார்கள்.

பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி கட்டாயம். கொற்கையிலோ ஆதிச்சநல்லூரிலோ பானை ஓடு காலில் தட்டினால், பார்த்துவிட்டு அங்கேயே வைத்துவிடுங்கள். பெர்லின் வரை போனது போதும்.