பழைய கீபோர்டுக்குப் புதிய மின்கம்பி: துளையில் பொருந்தினால் மட்டும் போதாது

தீபாவளிக்கு முன்பு புக்கிட் பாத்தோக் வீட்டு ஸ்டோர் ரூமைச் சுத்தம் செய்தபோது, பழைய வேட்டியில் சுற்றிவைத்த ஒரு கீபோர்டு வெளியே வந்தது. என் மாமா பல ஆண்டுகள் கல்யாண வரவேற்புகளிலும் கோயில் நிகழ்ச்சிகளிலும் வாசித்த கீபோர்டு அது. இப்போது அவருக்குக் கை நடுக்கம், மேடை ஏறுவதில்லை. அண்மையில் இசை வகுப்பில் சேர்ந்த அக்கா மகள் அதைப் பார்த்ததும், “புதுசு வேணாம், தாத்தாவோட கீபோர்டுலயே பழகுறேன்” என்றாள்.

கீபோர்டு கிடைத்துவிட்டது. அதன் மின்கம்பியைத்தான் காணவில்லை.

எல்லார் வீட்டிலும் இருப்பதுபோல் எங்கள் வீட்டிலும் பழைய அடாப்டர்கள் நிறைந்த பிஸ்கட் டின் ஒன்று உண்டு. அதில் ஒன்று துளையில் கச்சிதமாகப் பொருந்தியது. சுவிட்சைப் போடப் போன நேரத்தில் மாமா கூடத்திலிருந்து குரல் கொடுத்தார்: “முதல்ல அடியில எழுதியிருக்கிறதப் படிப்பா.” படித்தேன். கீபோர்டு கேட்டது 12 வோல்ட். என் கையில் இருந்தது மடிக்கணினியின் 19 வோல்ட் அடாப்டர். சுவிட்சைப் போட்டிருந்தால் மாமாவின் கீபோர்டு கருகிப் போயிருக்கலாம்.

பழைய இசைக்கருவிகள் பல இப்படித்தான் கெட்டுப்போகின்றன. வயதானதால் அல்ல, தவறான கம்பியைச் செருகுவதால். வாங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்ப்போம்.

முதலில் பேட்டரி

பல வீட்டுக் கீபோர்டுகளிலும் சுருதிப் பெட்டிகளிலும் பேட்டரி போடும் இடம் இருக்கும். அதைத் திறந்து பாருங்கள். பழைய பேட்டரி கசிந்து பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் கையுறை போட்டுச் சுத்தம் செய்யுங்கள். பிறகு புதிய பேட்டரிகளைப் போட்டு வாசித்துப் பாருங்கள். சத்தம் வந்தால் கருவி நலமாக இருக்கிறது, மின்கம்பி மட்டுமே தேவை. சத்தம் வராவிட்டால், கம்பிக்குச் செலவு செய்யும் முன் பழுதுபார்ப்பவரிடம் காட்டுவது நல்லது.

அடாப்டருக்கு நான்கு கேள்விகள்

கருவியின் அடியிலோ பின்பக்கத்திலோ ஒட்டியிருக்கும் சிறு தகட்டைக் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். கடைக்காரரிடம் காட்ட அதுவே போதும். அடாப்டர் கேட்கும் கருவியாக இருந்தால் நான்கு விவரங்கள் ஒத்துப்போக வேண்டும்.

ஒன்று, வோல்ட். கருவி 9 கேட்டால் 9, 12 கேட்டால் 12.

இரண்டு, மின்சாரத்தின் வகை. பெரும்பாலான கருவிகள் நேர்மின்சாரம், அதாவது டிசி கேட்கும். ஆனால் பழைய டிரம் மெஷின்கள், எஃபெக்ட் பெட்டிகள் சிலவற்றுக்கு அடாப்டரிலிருந்தே ஏசி வர வேண்டும். நேர்க்கோட்டின் கீழ் புள்ளிக்கோடு இருந்தால் டிசி, அலை போன்ற கோடு இருந்தால் ஏசி.

மூன்று, முனை. ஒரு புள்ளி, அதைச் சுற்றிப் பிறை போன்ற வளைவு, இருபுறமும் கூட்டல், கழித்தல் குறிகள் கொண்ட சிறு படத்தைத் தேடுங்கள். நடுப்புள்ளியோடு கூட்டல் குறி சேர்ந்திருந்தால் நடுவில் நேர்முனை. கழித்தல் குறி சேர்ந்திருந்தால் நடுவில் எதிர்முனை. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். யமஹாவின் பல வீட்டுக் கீபோர்டுகளுக்கு 12 வோல்ட், நடுவில் நேர்முனை. கேசியோவின் பழைய ஏடி-5 அடாப்டரோ 9 வோல்ட், நடுவில் எதிர்முனை. பார்ப்பதற்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றுக்கு மற்றொன்று ஆகாது. ஒரே நிறுவனத்தின் பழைய, புதிய மாடல்களுக்குள்கூட இது மாறலாம். எனவே பெயரை நம்பாமல் படத்தைப் பாருங்கள்.

நான்கு, மில்லி ஆம்பியர். இது கருவி கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். கருவி தனக்கு வேண்டிய அளவை மட்டுமே எடுத்துக்கொள்ளும். 700 கேட்கும் கருவிக்கு 1,000 கொடுக்கும் அடாப்டரால் கெடுதல் இல்லை. 300 மட்டும் கொடுக்கும் அடாப்டர் சூடேறிப் பழுதாகிவிடும்.

இந்த நான்கும் சரியான பிறகுதான் முனை துளையில் பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும்.

சுவரிலிருந்து நேராக வரும் கம்பி

பெரிய கீபோர்டுகள், சின்தசைசர்கள், ஒலிபெருக்கிகள் சிலவற்றுக்கு அடாப்டர் கிடையாது. 230 வோல்ட் நேராகவே உள்ளே போகும். அவற்றின் பின்புறத் துளைகள் உலகத் தர வடிவங்களில் இருப்பதால் கம்பி கிடைப்பது சுலபம். எட்டு வடிவத்தில் இரண்டு துளை இருந்தால் சி7 கம்பி. மேசைக் கணினிக்குப் பின்னால் செருகும் மூன்று துளைக் கம்பி சி13. மடிக்கணினி அடாப்டர்களில் காணும் மூவிலை வடிவம் சி5.

மூன்று முள் கொண்ட துளைக்கு மூன்று கம்பி உள்ள வடம்தான் வேண்டும். மூன்றாவது முள் எர்த். உள்ளே கோளாறு ஏற்பட்டு உலோக உடலில் மின்சாரம் பாய்ந்தால், நம் உயிரைக் காப்பது அதுதான்.

சுவர்ப் பக்கத்தில் சிங்கப்பூருக்கு உரிய தட்டையான மூன்று முள் பிளக் இருக்க வேண்டும். அதில் பாதுகாப்பு முத்திரையும் பதிவு எண்ணும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பிளக்குக்குள் இருக்கும் ஃபியூசையும் கவனியுங்கள். 3 ஆம்பியர் ஃபியூஸ் ஏறத்தாழ 690 வாட் வரை தாங்கும். வீட்டுக் கீபோர்டுக்கு அதுவே தாராளம். மெல்லிய கம்பிக்கு 13 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால், ஃபியூஸ் போகும் முன் கம்பி உருகலாம்.

இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். இரண்டு முள் பிளக்கைச் செருக, எர்த் துளைக்குள் பேனாவையோ சாப்ஸ்டிக்கையோ விட்டுத் திறப்பதைப் பல வீடுகளில் பார்த்திருப்போம். குழந்தைகளின் விரலைக் காக்க வைத்த மூடி அது. அதை ஏமாற்றித் திறக்கவே கூடாது. முத்திரை பெற்ற மாற்றுப் பிளக் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூரிலிருந்து வந்த கருவிகள்

பெங்களூரு ராஜ் நாராயணின் ரேடல் நிறுவனம் 1979ல் மின்னணுத் தம்புராவை உருவாக்கியது முதல், சுருதிப் பெட்டி இல்லாத கர்நாடக இசை வகுப்பைக் காண்பது அரிது. இந்தியாவிலும் நம்மைப்போல் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான். அங்கிருந்து கொண்டுவந்த சுருதிப் பெட்டிக்குப் பெரும்பாலும் உருண்டை முள் பிளக்கை மாற்றுவது மட்டுமே வேலை.

ஜப்பானிலும் அமெரிக்காவிலும் விற்ற கருவிகள் அப்படியல்ல. அங்கே 100 வோல்ட்டும் 120 வோல்ட்டும். தகட்டில் 230 இல்லையென்றால் கம்பியை மட்டும் மாற்றிச் செருகாதீர்கள். மின்னழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

டிரான்ஸ்ஃபார்மரும் தீர்க்காத சிக்கல் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பழைய ஹேமண்ட் ஆர்கனில் பற்சக்கரங்களைச் சுழற்றும் மோட்டாரின் வேகம் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பொறுத்தது. 60 ஹெர்ட்ஸ் கருவியை நம் 50 ஹெர்ட்ஸில் ஓட்டினால் வேகம் ஆறில் ஐந்தாகக் குறைந்து, ஒவ்வொரு ஸ்வரமும் மூன்று அரைச்சுரம் கீழே இறங்கிவிடும்.

எங்கே தேடுவது

ஒரு காலத்தில் இதற்கெல்லாம் சுங்கை ரோடு சந்தைக்குப் போனோம். தரையில் விரித்த துணியில் எந்தக் காலத்து அடாப்டரும் கிடைக்கும். 2017 ஜூலை 10ஆம் தேதியுடன் அது மூடப்பட்டது. அங்கிருந்து அதிகத் தூரமில்லாத ஜாலான் புசாரில் சிம் லிம் டவர் இருக்கிறது. மின்னணு உதிரிப் பாகங்களுக்குப் பெயர்பெற்ற கட்டடம். சிம் லிம் ஸ்குவேர் வேறு, இது வேறு. புக்கிட் பாத்தோக்கிலிருந்து போவோர் ஜூரோங் ஈஸ்ட்டில் ரயில் மாறி, பூகிஸில் இறங்கி நடக்கலாம். தேக்காவுக்குச் சாமான் வாங்கப் போகும் நாளிலேயே இதையும் முடித்துவிடலாம்.

கருவி உடலோடு சேர்த்தே பொருத்தப்பட்ட கம்பி அறுந்திருந்தால், டேப் சுற்றி ஒட்டவைக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் சில கருவிகளின் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும். அந்த வேலை தெரிந்தவருக்கு உரியது. 2014ல் தொடங்கிய ரிப்பேர் கோப்பித்தியாமின் தொண்டூழியர்கள், நாம் கொண்டுபோகும் பொருளை நம் கூடவே உட்கார்ந்து பழுதுபார்க்கக் கற்றுத்தருகிறார்கள். நாளையும் இடத்தையும் முன்கூட்டியே பார்த்துக்கொண்டு போங்கள்.

மாமாவின் கீபோர்டுக்கு 12 வோல்ட், நடுவில் நேர்முனை கொண்ட அடாப்டர் கிடைத்தது. வீட்டுக்கு வந்ததும் அக்கா மகளே தகட்டையும் அடாப்டரையும் பக்கத்தில் வைத்து, எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தாள். பிறகுதான் சுவிட்சைப் போட்டாள். சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தது. மாமா நடுங்கும் விரலால் ஒரே ஒரு ஸ்வரத்தை அழுத்திவிட்டு, அவளுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.