வைக்க ஓர் இடம்

களியக்காவிளைச் சந்தையில் மீன் விற்கிற அம்மாவுக்குக் கல்லாப்பெட்டி கிடையாது. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் இடுப்பில் செருகிய சேலையை ஒரு விரலால் நெகிழ்த்துவார். உள்ளே சுருட்டி வைத்த நோட்டுகள் வெளியே வரும். சில்லறை, முந்தியின் நுனியில் தனி முடிச்சில் இருக்கும். விடிகாலையில் கடற்கரை ஊரிலிருந்து பஸ் ஏறியது முதல் குனிந்து நிமிர்ந்து, கூடையைத் தூக்கி இறக்கி, எத்தனை அலைச்சல்! ஒரு நாணயம் கீழே விழுந்திருக்காது. அவர் எதிரே நிற்கிற கல்லூரிப் பெண்ணின் பாடு வேறு. சுடிதார் போட்டிருக்கிறாள். ஒரு கையில் மொபைல், கக்கத்தில் பர்ஸ், மறுகையில் மீன் கவர். மீதியை வாங்க மூன்றாவது கை ஒன்று வேண்டும்.

தைக்காத துணியில் வேண்டிய இடத்தில் பை உண்டாக்கிக்கொள்ளலாம். தைத்த துணியில் தையல்காரர் வைத்தால்தான் உண்டு. ஐந்தரை மீட்டர்ச் சேலையை விட்டுச் சுடிதாருக்கும் நைட்டிக்கும் வந்தபோது பெண்களுக்கு வசதிகள் பல கிடைத்தன, மடி போய்விட்டது. அதற்கு ஈடாக வந்திருக்க வேண்டிய பாக்கெட் வரவில்லை.

மடி எப்படிப் பிடித்துக்கொள்கிறது என்பதைப் பார்த்தால்தான் இழந்தது என்னவென்று விளங்கும். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் படகைக் கட்டுகிறவர் கயிற்றைத் தூணில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு, நுனியை ஒரு கையில் பிடித்தபடி நின்றுவிடுவார். படகு எவ்வளவு இழுத்தாலும் கயிறு வழுக்காது. இதன் கணக்கை 18-ஆம் நூற்றாண்டில் லியோனார்டு ஆய்லர் எழுதி வைத்தார். சுற்று கூடக் கூட உராய்வின் பிடி கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. ஒவ்வொரு சுற்றும் முந்தைய பிடியைப் பெருக்குகிறது. உராய்வுக் கெழு 0.5 என்று வைத்துக்கொள்வோம். ஒரு முழுச் சுற்றில் நுனியில் கொடுக்கும் விசையைப்போல் 23 மடங்கைத் தாங்கலாம். இரண்டு சுற்றில் 535 மடங்கு. மூன்றாவது சுற்றில் 12,000-ஐத் தாண்டிவிடும்.

முந்தி முடிச்சில் நடப்பதும் இதுதான். துணி தன்னைத்தானே சுற்றிக்கொள்கிறது. உள்ளே இருக்கிற நாணயத்தின் எடை கீழே இழுக்க இழுக்க, சுற்றுகள் ஒன்றையொன்று நெருக்கி இன்னும் இறுகுகின்றன. திறப்பதற்கு மட்டும் இழுக்கும் திசைக்கு எதிராக, விரல் நுனியால் தளர்த்த வேண்டும். இப்படித் தளர்த்தத் தெரிந்த விரல்கள் சொந்தக்காரியுடையவை. பஸ் நெரிசலில் வருகிற விரல்களுக்கு அந்த நேரம் கிடைக்காது. ஜிப்பும் பொத்தானும் இல்லாமல் ஒரு பூட்டு.

இந்த வட்டாரத்தில் துணி ஒருபோதும் லேசான விஷயமாக இருந்ததில்லை. தெற்குத் திருவிதாங்கூரில் 1822 முதல் 1859 வரை நடந்த தோள்சீலைப் போராட்டத்தின் களம் இதே விளவங்கோடு, கல்குளம் பக்கங்கள்தான். 1829-இல் வந்த அரசாணை கிறிஸ்தவ நாடார் பெண்களுக்குத் தைத்த குப்பாயத்தை அனுமதித்தது. தோளில் இடும் சீலையை மறுத்தது. எந்தத் துணி, உடம்பில் எந்த இடத்தில், யாருக்கு என்று அரண்மனை உட்கார்ந்து யோசித்திருக்கிறது. பாக்கெட்டைப் பற்றி எந்த அரசும் ஆணை போடவில்லை. அது யாரும் முடிவெடுக்காமலே இல்லாமல் போனது.

ஐரோப்பாவிலும் ஏறத்தாழ இதே கதை. 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதியிலிருந்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அங்கே பெண்கள் பாவாடைக்குள் இடுப்பில் நாடா கட்டித் தனிப் பைகளைத் தொங்கவிட்டுக்கொண்டார்கள். மேலே இருக்கும் பாவாடையின் பக்கவாட்டில் ஒரு கீறல். அதற்குள் கையை விட்டால் பை. நம் பாட்டிமார் இடுப்பில் செருகிய சுருக்குப்பையின் பெரிய அக்கா என்று சொல்லலாம். 1790-களில் உடம்போடு ஒட்டிய மெல்லிய கவுன்கள் மோஸ்தருக்கு வந்தன. உள்ளே பை வைத்தால் புடைத்துத் தெரிந்தது. பை வெளியே வந்தது, கைப்பையாயிற்று, கைக்கு வேலை கூடியது.

அந்தப் புடைப்புப் பயம் இன்றும் தையல்கடைகளில் உயிரோடு இருக்கிறது. சுடிதாருக்குப் பாக்கெட் கேட்டுப் பாருங்கள்; "இடுப்பு பெருசாட்டு தெரியுமே அக்கா" என்று பதில் வரும். ஜீன்ஸில் பாக்கெட் இருக்கிறதே என்றால், இருக்கிறது, அளவுதான் இல்லை. 2018-இல் 'தி புட்டிங்' என்ற இணைய இதழ் 20 பிராண்டுகளின் 80 ஜீன்ஸ்களை அளந்தது. பெண்களுடைய முன்பாக்கெட் ஆண்களுடையதைவிடச் சராசரியாக 48 சதவீதம் ஆழம் குறைவு, அகலம் 6.5 சதவீதம் குறைவு. முன்னணி நிறுவனங்களின் மொபைல்களில் ஒன்றாவது முழுதாக நுழைகிற பாக்கெட்டுகள் பெண்கள் ஜீன்ஸில் 40 சதவீதம்தான். சிலவற்றில் பாக்கெட் போலத் தையல் மட்டும் ஓடும். கையை விட்டால் துணி தடுக்கும். அதைத் தைக்கச் செலவழித்த நூலை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல்.

தையல்காரர்களின் பக்கமும் கொஞ்சம் நியாயம் உண்டு, அது கணிதத்தில் இருக்கிறது. தட்டையான தாளைப் பந்தின் மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட முடியாது என்று 1820-களில் காஸ் நிரூபித்தார். நெஞ்சு, இடுப்பு போன்ற இரு திசையிலும் வளைகிற பரப்புக்குத் துணியைப் பொருத்த, அதை மடித்து டாட் பிடிக்க வேண்டியிருப்பது அதனால்தான். டாட் ஓடுகிற இடத்தில் செவ்வகப் பாக்கெட்டை ஒட்டினால் இழுத்துக்கொண்டு நிற்கும். ஆனால் தீர்வும் தையலிலேயே இருக்கிறது. பக்கத் தையலிலோ பிரின்சஸ் கட் தையலிலோ வாயை வைத்தால் பாக்கெட் வளைவோடு சண்டை போடாது. தையல் ஏற்கெனவே அங்கே ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.

இன்னொன்று, ஆட்டம். டாப்பின் பக்கத் தையலிலிருந்து 25 சென்டிமீட்டர் நீளத்துக்குப் பை சும்மா தொங்கி, அடியில் 200 கிராம் மொபைல் கிடந்தால் அது ஓர் ஊசல். அந்த நீள ஊசலின் அலைவு நேரம் கிட்டத்தட்டச் சரியாக ஒரு வினாடி. சாதாரண நடையில் ஒரு கால் முன்னே போய்த் திரும்ப அதே கால் முன்னே வருவதற்கும் ஏறத்தாழ ஒரு வினாடிதான் ஆகும். இரண்டும் ஒத்துப்போனால் ஊஞ்சலைத் தாளம் பார்த்துத் தள்ளுவதுபோல் ஆகிவிடுகிறது. ஒவ்வோர் அடிக்கும் மொபைல் தொடையில் வந்து மோதும். பையின் மேல் ஓரத்தை இடுப்புப் பட்டியோடு சேர்த்துத் தைத்துவிட்டால் ஊசல் செத்துவிடும். ஆண்களின் பேண்டில் இப்படித்தான் தைக்கிறார்கள்.

பாக்கெட்டின் வாய் ஓரங்கள் கிழிவதும் இயற்பியல்தான். கீறலின் முனையில் விசை குவியும். 1870-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரீனோ நகரத் தையல்காரர் ஜேக்கப் டேவிஸிடம் ஒரு கூலித் தொழிலாளியின் மனைவி வந்து, கணவருக்குக் கிழியாத கால்சட்டை கேட்டார். டேவிஸ் பாக்கெட் முனைகளில் செம்புக் குமிழ் ஆணி அடித்துக் கொடுத்தார். லீவை ஸ்ட்ராஸோடு சேர்ந்து அதற்குக் காப்புரிமை வாங்கிய நாள் 1873 மே 20. ஜீன்ஸ் பிறந்த கதை இது. கேட்டவர் பெண், பாக்கெட் கிடைத்தது ஆணுக்கு.

நம் பெண்கள் காத்திருக்கவில்லை. நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் பழைய முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொள்கிறார்கள். வெயிலுக்கு, தூசிக்கு என்பார்கள். அந்தச் சட்டைப்பையில் மொபைல் இருக்கும், வெற்றிலை இருக்கும், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கும். நைட்டிக்கும் இப்போது பாக்கெட் வைத்து வருகிறது. இவை இல்லாதவர்களுக்கு ரவிக்கைதான். அங்கே மொபைலை வைத்தால் என்ன ஆகும் என்பது தெரிந்ததே: வியர்வை பட்ட தொடுதிரை அதை விரல் என்று நினைத்துக்கொண்டு யாருக்காவது கால் போட்டுவிடும். தோலின் வெப்பநிலை ஏறத்தாழ 33 டிகிரி. வெளியிலும் அதே சூடு. மொபைலின் சூடு வெளியேற வழியில்லை. நோட்டும் பஞ்சுத்தாள், ஈரத்தை உறிஞ்சும்.

களியக்காவிளையில் இப்படித் தொல்லை தருகிற அதே உடம்புச் சூடு, பனிமலையில் உயிர் கொடுக்கிறது. காஷ்மீரின் குல்மார்கில் கேபிள் கார் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரம் வரை போகும். 2020 முதல் கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டுகள் அங்கே நடக்கின்றன. தெற்கிலிருந்து பனிச்சறுக்குக்குப் போகிற பெண்கள் குறைவு, இல்லாமல் இல்லை. குடகைச் சேர்ந்த பவானி தெக்கடா நஞ்சுண்டா அந்தப் போட்டிகளில் பதக்கங்கள் வென்றவர்.

அந்தக் குளிரில் வெளிப்பாக்கெட்டில் வைத்த மொபைல் பாதி சார்ஜ் இருக்கும்போதே அணைந்துவிடும். லித்தியம் அயனி பேட்டரிக்குள் இருக்கும் திரவத்தின் வழியாக அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீந்த வேண்டும். மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் இறுகுவதுபோல், குளிரில் அந்தத் திரவம் குழகுழப்பாகிறது, அயனிகள் மந்தமாகின்றன, உள்தடை ஏறி மின்னழுத்தம் சரிகிறது. மொபைல் சார்ஜ் தீர்ந்ததாக நினைத்து நின்றுவிடுகிறது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் பரிந்துரைக்கும் வெப்பநிலையே 0 முதல் 35 டிகிரி வரைதான். கோட்டின் உள்பக்கம், நெஞ்சை ஒட்டி ஒரு பாக்கெட் இருந்தால் இந்தத் தொல்லை வராது. துணிகளுக்கு இடையே சிக்கிய அசையாத காற்று வெப்பத்தை வெளியே விடாது. உடம்பு சும்மாவே ஹீட்டராக வேலை செய்யும்.

பெண்களுக்கான பனிச்சறுக்கு உடுப்பில் இந்த உள்பாக்கெட் குறைவு என்பது அதைப் போடுகிறவர்களின் நெடுநாள் புகார். கோட்டை இடுப்பில் ஒடுக்கி, மெலிதாகக் காட்டுகிற வெட்டு. அதற்குப் பலி பாக்கெட். கையை வைக்கும் பாக்கெட்டும் ஆழமில்லாமல் போகும். யாருக்கு ஆழமான பாக்கெட் அதிகம் தேவை என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. அமெரிக்காவின் உட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1998-இல் லான்செட் இதழில் எழுதியதன்படி, பெண்களின் கை சராசரி 30.7 டிகிரி, ஆண்களுடையது 32.2. குளிர் வந்தால் உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்றக் கைகால்களின் ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. பெண்களிடம் அது கூடுதல்.

எல்லாவற்றிலும் பெரியது பனிச்சரிவு. பாதைக்கு வெளியே சறுக்கப் போகிறவர்கள் உடம்போடு டிரான்ஸ்ஸீவர் என்ற சிறு கருவியைக் கட்டிக்கொள்வார்கள். 457 கிலோஹெர்ட்ஸில் அது துடித்துக்கொண்டே இருக்கும். ஒருவர் பனிக்குள் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்தத் துடிப்பைப் பின்தொடர்ந்து தோண்டுவார்கள். முதல் கால் மணி நேரம் கடந்தால் பிழைக்கும் வாய்ப்பு வேகமாகச் சரியும். மொபைல் போன்ற மின்கருவிகள் பக்கத்தில் இருந்தால் இந்தத் துடிப்பைக் குழப்பிவிடும். அதனால் ஒரு விதி: அனுப்பும் நிலையில் மொபைல் குறைந்தது 20 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும், தேடும் நிலையில் 50 சென்டிமீட்டர்.

இப்போது ஒரு பெண்ணின் கோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்ஸீவர் நெஞ்சுப் பட்டையில். முதுகுப்பையின் பெல்ட் இடுப்பைச் சுற்றி இறுகி, பக்கப் பாக்கெட்டுகளை மூடிவிட்டது. மொபைல் எங்கே? தொடையில் ஜிப் வைத்த பாக்கெட் இருந்தால் விதி தானாகவே நிறைவேறும்; அங்கே கொஞ்சம் குளிரும், என்றாலும் மொபைலை அணைத்து வைத்தால் போதும். அந்தப் பாக்கெட் இல்லையென்றால் மிச்சம் இருப்பது நெஞ்சுதான், டிரான்ஸ்ஸீவருக்கு ஒரு சாண்கூடத் தள்ளி இல்லாத இடம். எங்கோ ஒரு டிசைன் மேசையில் துணி மிச்சம் பிடிக்க அழித்த ஒரு கோடு, மலையில் வேறொருவர் தோண்ட வேண்டிய இடத்தைக் குழப்புகிறது.

ஆல்ப்ஸ் மலைகளில் போடுகிற கோட்டுகளில் இடது கையில் ஒரு சின்னப் பாக்கெட்டும் தைத்து வரும். லிஃப்ட் அட்டைக்கு அது. கதவில் இருக்கும் கருவி 13.56 மெகாஹெர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்கும். அட்டைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் அந்தப் புலத்திலிருந்தே மின்சாரம் எடுத்து எண்ணைச் சொல்லும். பக்கத்தில் மொபைலின் உலோகம் இருந்தால் புலம் மங்கும். கைப் பாக்கெட் இல்லாதவர்கள் அட்டையை இடுப்புப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, கதவுக்கு முன்னால் இடுப்பை ஆட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

நம்மூரிலிருந்து விடுமுறைக்கு மணாலி போகிறவர்கள் வழியோரக் கடைகளில் பனி உடுப்பை வாடகைக்கு எடுப்பார்கள். நிறம் பார்ப்பதற்கு முன் உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நெஞ்சுப் பக்கம் உள்பாக்கெட் இல்லையென்றால் தயங்காமல் சின்ன அளவு ஆண் கோட்டைக் கேளுங்கள்; கடைக்காரருக்கு ஒரே வாடகைதான். டிரான்ஸ்ஸீவர் கட்டப் போவதில்லை என்பதால் மொபைலை நெஞ்சுப் பக்கம் வையுங்கள், வெளிப்பாக்கெட்டில் கையை வையுங்கள். இரவு அறைக்குத் திரும்பியதும் மொபைலை உடனே சார்ஜரில் மாட்டாதீர்கள். உறைகுளிரில் இருக்கும் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் தள்ளினால் லித்தியம் உள்ளே போய் அமராமல் வெளியே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பாது. அரை மணி நேரம் அறைச்சூட்டில் கிடக்கட்டும். கண்ணாடியில் பூத்த ஈரம் காய்ந்த பிறகு மாட்டலாம்.