காலடியில் நொறுங்கும் அடுக்கு

2022 அக்டோபர் 4 காலை. உத்தரகாசியில் உள்ள நேரு மலையேற்றப் பயிற்சி நிறுவனத்தின் குழு, 'திரௌபதி கா தண்டா-2' சிகரப் பகுதியில் பயிற்சியில் இருந்தபோது பனிச்சரிவில் சிக்கியது. 27 உடல்கள் மீட்கப்பட்டன, இருவர் கிடைக்கவில்லை. இறந்தவர்களில் ஒருவர் பயிற்றுநர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதம் எவரெஸ்ட், மகாலு இரண்டையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்தவர். மலையை நன்கு அறிந்தவர்களையே பனி இப்படி வாரிக்கொண்டு போகிறது என்றால், விடுமுறைக்கு இமயமலை ஏறப் போகிறவர்கள் அந்தப் பனியைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்துகொண்டு போக வேண்டும்.

சத்தம் போட்டால் பனி சரியும் என்பது சினிமாக் கதை. மனிதக் குரலுக்கு அந்த வலு கிடையாது. உடல் எடைக்கு உண்டு. மலையேறிகளும் பனிச்சறுக்கு வீரர்களும் பலியாகும் சரிவுகளில் பத்துக்கு ஒன்பதைத் தொடங்கிவைப்பது சிக்கியவரோ அவருடன் வந்தவரோதான். கசப்பான கணக்கு இது. ஆனாலும் எனக்கு இதில் நம்பிக்கை தெரிகிறது: நம் கால் தொடங்கிவைப்பதை நம் கால் தவிர்க்கவும் முடியும்.

அதற்குப் பனியின் உள்ளே பார்க்க வேண்டும். ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்காகப் படிகிறது. தரையை ஒட்டிய பனி ஏறக்குறைய 0 டிகிரியில் இருக்கும். மேற்பரப்பு இரவில் மைனஸ் 20-க்குப் போகலாம். பனியின் ஆழம் ஒரு மீட்டர் என்றால், 10 செ.மீ.க்கு 2 டிகிரி வித்தியாசம். ஒரு டிகிரியைத் தாண்டினாலே போதும், அடியிலுள்ள பனி மணிகளிலிருந்து நீராவி கிளம்பி மேலே உள்ள குளிர்ந்த மணிகளில் படியத் தொடங்கும். நாளடைவில் சிறு மணிகள் கூர்முனைகள் கொண்ட பெரிய படிகங்களாகிவிடும். அவை ஒன்றோடொன்று ஒட்டாது. கையில் அள்ளினால் சர்க்கரை போல உதிரும். பனியின் ஆழம் குறையக் குறைய இந்த வித்தியாசம் கூடும். அதனால்தான் பனி குறைவாக விழுந்த குளிர்காலத் தொடக்கத்தை அனுபவசாலிகள் நம்புவதில்லை.

இந்த உதிரி அடுக்கின் மேல் புதுப்பனி விழுகிறது. காற்றும் சேர்ந்துகொள்கிறது, முகட்டின் ஒரு பக்கத்துப் பனியை வாரி மறுபக்கச் சரிவில் கொட்டி, இறுகிய பலகையாக்குகிறது. நடப்பவருக்கு அது கெட்டியான தரையாகவே தோன்றும். ஓரிடத்தில் கால் அழுந்த, அடியிலுள்ள அடுக்கு நொறுங்கி, அந்த நொறுங்கல் நொடிப்பொழுதில் சரிவு முழுக்கப் பரவும். 30 முதல் 45 டிகிரி வரையான சரிவு என்றால் பலகை முழுவதும் கிளம்பிவிடும். சில வேளை, சரிவதற்கு முன்பே காலடியில் 'உம்ப்' என்று அமுங்கும் ஓசை கேட்கும். கேட்டால் அந்தச் சரிவை விட்டுத் திரும்பிவிட வேண்டும்.

மண்வாரி ஒன்று இருந்தால் இதைச் சோதித்தும் பார்க்கலாம். பனியில் குழி வெட்டி, ஒரு பக்கச் சுவரில் 30 செ.மீ. சதுரத் தூணைத் தனியே பிரிக்கிறார்கள். மண்வாரித் தகட்டை அதன் மேல் வைத்து மணிக்கட்டை மட்டும் அசைத்து 10 தட்டு, முழங்கையிலிருந்து 10, தோளிலிருந்து 10. மூன்றாவது நான்காவது தட்டிலேயே தூணின் மேற்பகுதி வழுக்கிக்கொண்டு குழிக்குள் விழுந்தால், எந்த அடுக்கு காத்திருக்கிறது என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். தூண் அசையாமல் நின்றாலும் சரிவு முழுவதும் பத்திரம் என்று அர்த்தமில்லை. நூறு மீட்டர் தள்ளிப் பனி வேறு மாதிரி இருக்கலாம்.

புதைந்தவரை மீட்க நிமிடங்களே உண்டு. முதல் பத்து நிமிடத்துக்குள் தோண்டி எடுத்தால் பெரும்பாலானோர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் பெரும்பாலானோர் மூச்சுத்திணறி இறக்கிறார்கள். ஆகவே 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கி, புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் டிரான்ஸீவர், துழாவும் கம்பி, மண்வாரி மூன்றும் ஒவ்வொருவரிடமும் இருக்க வேண்டும். நேரம் கடந்தால் தப்புவது எவ்வளவு அரிது என்பதற்கு ஒரு சாட்சி: 2016 பிப்ரவரியில் சியாச்சினில் மெட்ராஸ் ரெஜிமெண்ட் வீரர்கள் பத்துப் பேர் பனிச்சரிவில் புதைந்தார்கள். தமிழ்நாட்டு வீரர்களும் அதில் உயிரிழந்தனர். ஆறு நாளுக்குப் பின் உயிரோடு எடுக்கப்பட்ட ஹனுமந்தப்பாவும் டெல்லி மருத்துவமனையில் இறந்தார்.

மீட்பை நம்புவதைவிடச் சிக்காமல் இருப்பதே மேல். ஐரோப்பாவில் பனிச்சரிவு அபாயத்தை 1 முதல் 5 வரை தரம் பிரித்து அறிவிக்கிறார்கள். சுவிட்சர்லாந்தில் அதிக உயிர்களைப் பலிகொள்வது நடுவிலுள்ள 3. நான்கு, ஐந்து என்றால் ஆட்கள் வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். மூன்று என்றால் கிளம்பிவிடுகிறார்கள். அன்றைக்கு 30 டிகிரிக்குக் குறைந்த சரிவுகளில், தலைக்கு மேலே செங்குத்துச் சரிவு இல்லாத பாதையில் போகலாம். கடந்தே தீர வேண்டிய சரிவு என்றால் ஒருவர் பின் ஒருவராக, மற்றவர்கள் பத்திரமான இடத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கக் கடக்க வேண்டும்.