நீரும் நிதானமும்

பாலமுனைக் கடற்கரையில், காய்ச்சலால் துவண்டுபோன குழந்தையைத் தோளிற் சாத்திக்கொண்டு வைத்தியசாலைக்கு விரையும் ஒரு தாயை நேயர்கள் மனக்கண்ணாற் காணலாம். "டொக்டர், புள்ளைக்கு ஒரு சேலைன் ஏத்துங்க" என்பதே பெரும்பாலும் அவளது முதல் வேண்டுகோளாயிருக்கும். நாளத்தின் வழியே இறங்கும் அந்த உப்புநீரில் நம் மக்கள் வைத்துள்ள நம்பிக்கை அத்தகையது. அந்நம்பிக்கை எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்பதைச் சோதித்தறிந்தவர்களுள் முதன்மையானவர் கத்தரின் மெயிற்லண்ட் என்னும் குழந்தை வைத்திய ஆய்வாளர்.

கடுங்கிருமித் தொற்று ஏற்படும்போது குழந்தையின் குருதிக் குழாய்கள் தளர்கின்றன, கைகால்கள் குளிர்கின்றன, நாடி மெலிகின்றது. குழாய்களை விரைவில் நீரால் நிரப்பினால் ஓட்டம் சீராகும் என்பது வைத்தியர்களின் எண்ணம். 1991ஆம் ஆண்டில் அமெரிக்காவில் 34 குழந்தைகளை அவதானித்து வெளியான ஆய்வொன்று, முதல் ஒரு மணி நேரத்திலேயே மிகுதியான நீர் பெற்றோர் கூடுதலாகப் பிழைத்தனர் என்று கூறியது. தொகை சிறிதேயாயினும் அக்கருத்து உலகெங்கும் பரவிற்று.

தமிழகத்திலும் இவ்வினா ஆராயப்பட்டது. சென்னை எழும்பூர்க் குழந்தைகள் மருத்துவமனையில் 147 குழந்தைகளிடம் இருவகை வேகங்களில் நீர் ஏற்றிப் பார்த்தனர். 2008இல் வெளியான அதன் முடிவின்படி, விரைந்து ஏற்றியதால் இறப்புக் குறையவில்லை. மாறாக, அவ்வாறு பெற்ற குழந்தைகளிற் பலருக்கு ஈரல் பெருத்திருந்தது. உடல் தாங்கும் அளவை நீர் மீறுகின்றது என்பதற்கு அது ஓர் அடையாளம்.

இலண்டன் இம்பீரியல் கல்லூரியைச் சார்ந்த மெயிற்லண்ட், கென்யாவின் கிலிபி என்னும் கடற்கரை ஊரில் நீண்டகாலம் பணியாற்றியவர். அங்கே மலேரியாவினாலும் குருதித் தொற்றினாலும் குழந்தைகள் நாள்தோறும் கொண்டுவரப்பட்டனர். விரைவான நீரேற்றம் அவர்களைக் காக்கும் என்று அவரும் எதிர்பார்த்தார். அவருடைய முந்திய சிறு ஆய்வுகளும் அவ்வெண்ணத்துக்கு இடமளித்தன. எனினும் நம்பிக்கையைச் சான்றாகக் கொள்ள அவர் உடன்படவில்லை. கென்யா, உகண்டா, தன்சானியா ஆகிய மூன்று நாடுகளின் ஆறு வைத்தியசாலைகளில் 2009ஆம் ஆண்டு பெரியதோர் ஆய்வு தொடங்கிற்று. எல்லாக் குழந்தைகளுக்கும் உரிய மருந்தும் அன்றாடத் தேவைக்கான நீரும் கொடுக்கப்பட்டன. ஒரு சாராருக்கு மட்டும் உப்புநீரோ அல்புமின் கரைசலோ விரைந்து ஏற்றப்பட்டது.

2011 சனவரியில் மேற்பார்வைக் குழு ஆய்வை இடையிலேயே நிறுத்தச் சொல்லிற்று. விரைந்து நீர் ஏற்றாதவருள் 48 மணி நேரத்தில் நூற்றுக்கு 7.3 பேர் இறந்திருந்தனர். ஏற்றப்பட்டவருள் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஆய்வில் இடம்பெற்ற குழந்தைகள் மூவாயிரத்துக்கும் அதிகமானோர். ஆகவே இதனைத் தற்செயல் என்று ஒதுக்கிவிட இயலவில்லை.

தாம் எதிர்பார்த்ததற்கு நேர்மாறான முடிவை மெயிற்லண்ட் மறைக்கவில்லை. அவ்வாண்டிலேயே உலகறிய வெளியிட்டார். வைத்தியர் பலர் அதனை ஏற்கத் தயங்கினர். காரணத்தை அறிய அவருடைய குழுவினர் ஒவ்வோர் இறப்பையும் மீண்டும் ஆராய்ந்தனர். நுரையீரலில் நீர் கோத்ததைக் காட்டிலும் குருதியோட்டம் திடீரெனக் குலைந்ததே மிகுதியான இறப்புக்குக் காரணம் என்று 2013இல் அறிவித்தனர். 2016இல் உலக சுகாதார நிறுவனமும் தன் வழிகாட்டலைத் திருத்தியது.

இதனால் நீரே தீது என்று எவரும் முடிவுகட்டலாகாது. கடும் வயிற்றோட்டத்தால் வற்றிய குழந்தைகள் அந்த ஆய்விற் சேர்க்கப்படவில்லை; அவர்களுக்கு இழந்த நீரை ஈடுசெய்வதே உயிர்காக்கும் வழி. 1971இல் வங்காள அகதி முகாமொன்றில் வைத்தியர் திலீப் மகலானபிஸ், உப்பும் சீனியும் கலந்த நீரை வாய்வழி கொடுத்தே எண்ணற்றோரைக் காத்தார். டெங்குக் காய்ச்சலிலோ, குருதிக் குழாயிலிருந்து நீர் கசியும் வேளையில் குறைவும் ஆபத்து, மிகையும் ஆபத்து. ஆதலாற்றான் வைத்தியர்கள் குடிக்கும் நீரையும் கழியும் சிறுநீரையும் மணிக்கணக்கில் அளந்து குறிக்கின்றனர்.

ஆகவே, சேலைன் ஏற்றாமல் வைத்தியர் பொறுத்திருந்து பார்க்கும்போது, பிள்ளையைக் கவனியாது விட்டார் என்று பெற்றோர் எண்ணவேண்டியதில்லை. குழந்தை குடித்தது எவ்வளவு, சிறுநீர் கழித்தது எப்போது, கைகால் குளிர்ந்தது எந்நேரம் என்பவற்றைத் தாய் தெளிவாகச் சொல்வாளாயின், அச்சொல்லே வைத்தியருக்குப் பெருந்துணையாகும். எவ்வளவு நீர், எவ்வேகத்தில், எப்போது என்னும் மூன்றையும் அவர் தீர்மானிப்பது அத்தகைய செய்திகளைக் கொண்டேயாம்.