குவார்ட்சைட் வெயிலும் கூரைமேல் கணக்கும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், கலிபோர்னியா எல்லைக்குச் சற்றுக் கிழக்கே, இன்டர்ஸ்டேட் 10 நெடுஞ்சாலையை ஒட்டி குவார்ட்சைட் என்றொரு பாலைவனச் சிற்றூர் இருக்கிறது. 2020 மக்கள்தொகைக் கணக்குப்படி அங்கே வசிப்பவர்கள் சுமார் 2,400 பேர். ஜனவரியில் போய்ப் பார்த்தால் ஊரே அடையாளம் தெரியாது. வட மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் குளிருக்குத் தப்பி வந்த மோட்டார்ஹோம்கள் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை நிற்கும். பனிக்காலத்தில் தெற்கே பறந்துவருவதால் இவற்றில் வருபவர்களை ‘ஸ்னோபேர்ட்’ என்று அழைக்கிறார்கள்.

ஊருக்குத் தெற்கே இருக்கும் லா போசா என்ற வெட்டவெளி, மத்திய அரசின் நில நிர்வாகத் துறையுடையது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை, ஏழு மாதம் தங்கிக்கொள்ள அங்கே பல ஆண்டுகளாக வாங்கிவந்த கட்டணம் 180 டாலர். மின் இணைப்புள்ள தனியார் ஆர்வி (மோட்டார்ஹோம்) பூங்காவில் நாலைந்து இரவுக்கே அந்தப் பணம் கரைந்துவிடும். லா போசாவில் தண்ணீர் பிடிக்கலாம், கழிவைக் கொட்டலாம். மின்சாரம் மட்டும் அவரவர் பாடு.

அதனால்தான் அங்கே நிற்கும் வண்டிகளில் பலவற்றின் கூரையில் சோலார் பேனல்கள் மின்னுகின்றன. அதைப் பார்த்துவிட்டு வீடு திரும்பும் புதியவர் அடுத்த வாரமே நாலு பேனலுக்குப் பணம் கட்டிவிடுகிறார். கேட்க வேண்டிய முதல் கேள்வியை அவர் கேட்பதே இல்லை. வெயில் எவ்வளவு அடிக்கிறது என்பது இரண்டாம் கேள்வி. என் வண்டி இரவில் எங்கே நிற்கிறது, எத்தனை நாள் நகராமல் நிற்கிறது என்பதுதான் முதல் கேள்வி.

இரவுதோறும் பூங்காவில் பிளக்கைச் சொருகிக்கொள்பவருக்குக் கூரையில் சோலார் வெறும் சுமை. தினமும் ஊர் மாறுகிறவருக்கும் அது அவ்வளவாகத் தேவைப்படாது. வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து வீட்டுப் பகுதியின் பேட்டரிக்கு 30 ஆம்பியர் டிசி–டிசி சார்ஜர் ஒன்றைப் பொருத்தினால், இரண்டு மணி நேர ஓட்டத்தில் ஏறக்குறைய முக்கால் யூனிட் மின்சாரம் ஏறிவிடும். மழையோ மேகமோ அதைத் தடுக்காது. சோலார் உண்மையில் யாருக்கு என்றால், மின் இணைப்பில்லாத இடத்தில் மூன்று நாள், பத்து நாள் என்று ஒரே இடத்தில் நிற்பவர்களுக்கு.

அவர்களிலும் கணக்குப் போட்டவர்தான் தப்பிக்கிறார்.

லா போசாவில் குளிர்காலம் கழிக்கும் ஒரு தம்பதியின் ஒரு நாளை எடுத்துக்கொள்ளலாம். இரவுக் குளிருக்கு கேஸ் ஹீட்டர். அதன் விசிறி மட்டும் விட்டுவிட்டு நாலு மணி நேரம் ஓடினால் 350 வாட்-அவர் ஆகிவிடும். மடிக்கணினி, சிறு டிவி, எல்இடி விளக்கு, போன், தண்ணீர்ப் பம்ப் எல்லாம் சேர்ந்து 400. ஃபிரிட்ஜ் கேஸில் ஓடுவதானால் அதன் மின்செலவு சொற்பம். ஆக, முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேலே. அதே வண்டியில் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் இருந்தால் இன்னும் அரை யூனிட்டுக்கு மேல் கூடும். செயற்கைக்கோள் இணையம் வைத்திருந்தால், எட்டு மணி நேரத்துக்கு இன்னொரு அரை யூனிட். பக்கத்து வண்டிக்குப் போதுமானது இந்த வண்டிக்குப் போதாமல் போவது இப்படித்தான்.

வரவுப் பக்கத்துக்கு வருவோம். 400 வாட் பேனல் என்றால் 400 வாட் வரும் என்று நினைக்கக் கூடாது. டிசம்பர் நடுப்பகலில் குவார்ட்சைட் வானத்தில் சூரியன் 33 டிகிரிதான் ஏறுகிறது. கூரையில் படுத்துக் கிடக்கும் பேனலுக்கு அந்த வெயில் சாய்ந்து விழும். ஜூனில் கிடைப்பதில் பாதிகூடக் கிடைக்காது. நாளொன்றுக்கு 900 வாட்-அவர் வந்தாலே நிறைவு. பேனலைத் தெற்கு நோக்கிச் சாய்த்து நிமிர்த்தினால் வரவு ஒன்றரை மடங்காகும். ஆனால் அதற்கு ஏணி ஏற வேண்டும். காற்றடித்தால் இறக்க வேண்டும், கிளம்பும்போது மறக்காமல் மடிக்க வேண்டும். எழுபது வயதில் எல்லோராலும் முடிகிற வேலையா அது? இதே பேனல்களோடு டிசம்பரில் சியாட்டில் பக்கம் நின்றால், மேகத்துக்கு நடுவே கால் யூனிட் தேறுவதே பெரிது.

ஏசி விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். கூரை ஏசி ஓடும்போது ஏறத்தாழ ஒன்றரை கிலோவாட் இழுக்கும். எட்டு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு யூனிட். சாதாரண மோட்டார்ஹோம் கூரை முழுக்கப் பேனல் பரப்பினாலும் அதை ஈடுகட்ட முடியாது. கோடையில் ஏசி போட்டுத் தூங்க வேண்டுமென்றால், பிளக்கோ ஜெனரேட்டரோதான் வழி.

கோடையில் இன்னொரு சிக்கலும் வரும். மனிதருக்கு மரநிழல் வேண்டும். பேனலுக்கு வெயில் வேண்டும். முழு நிழல் என்றில்லை, ஏசிப் பெட்டியின் நிழல் பேனலின் ஒரு மூலையில் விழுந்தாலே போதும். உள்ளே செல்கள் தொடராக இணைந்திருப்பதால் பேனலின் பாதி உற்பத்தி அப்படியே படுத்துவிடும். பெட்டிபோல மடக்கி எடுத்துப்போகும் பேனல்கள் இங்கேதான் கைகொடுக்கின்றன. வண்டியை நிழலில் விட்டு, பேனலை இருபது அடி தள்ளி வெயிலில் சாய்த்து வைக்கலாம். கூரையில் ஓட்டை போட வேண்டியதும் இல்லை. அது சின்ன ஆதாயமன்று. ரப்பர் கூரையில் போட்ட ஒவ்வோர் ஓட்டையும், அடைப்பு சரியில்லை என்றால், நாளைக்குத் தண்ணீர் இறங்கும் வழி. மர அடித்தளம் ஊறிய பிறகு செய்யும் ரிப்பேர், சோலார் செலவைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும். மடக்குப் பேனலின் குறைகள் இரண்டு: தினமும் எடுத்து வைக்க வேண்டும், திருட்டுப் பயம் உண்டு.

பேட்டரியைச் சொல்லாமல் இந்தக் கணக்கு முடியாது. பகலில் வருவதை இரவுக்குச் சேர்த்து வைக்காவிட்டால் பேனலால் என்ன பயன்? 12 வோல்ட், 100 ஆம்பியர்-அவர் லெட் ஆசிட் பேட்டரியில் 1,200 வாட்-அவர் இருக்கும். ஆனால் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். அதே அளவு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் பெரும்பகுதியையும் எடுக்கலாம், எடையும் பாதிக்குக் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன்வரை கையைக் கடித்த அதன் விலை இப்போது வெகுவாக இறங்கியிருக்கிறது. ஒரே எச்சரிக்கை: உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

ஜெனரேட்டரைத் தூக்கி எறியவும் வேண்டாம். மூன்று நாள் மேகம் மூடினால் அதுதான் காப்பாற்றும். ஆனால் அதை மட்டுமே நம்புவது சிரமம். தேசியப் பூங்கா முகாம்களில் வழக்கமாக இரவு 10 முதல் காலை 6 வரை அமைதி நேரம்; ஜெனரேட்டர் ஓட்டப் பல இடங்களில் பகலிலும் குறிப்பிட்ட மணி நேரம்தான் அனுமதி. அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். பாலைவனத்து விடியலில் பக்கத்து வண்டிக்காரரை எழுப்பாமல் காபிக்குத் தண்ணீர்ப் பம்ப்பைப் போட முடிகிறதே, அந்த நிம்மதியை டாலரில் அளக்க முடியாது. சோலாருக்கு ஆதரவான வாதங்களில் மிக வலுவானது அதுதான்.

பண வகையில், அமெரிக்காவில் வீட்டு சோலாருக்குக் கிடைத்துவந்த 30 சதவீத மத்திய வரிச் சலுகை 2025 டிசம்பர் 31-க்குப் பிந்தைய செலவுகளுக்கு இல்லை. அதை மனதில் வைத்து முடிவெடுக்கக் காத்திருந்தவர்கள் இனி முழு விலையில்தான் கணக்குப் போட வேண்டும். ஆண்டில் பத்து நாள் மட்டும் வெட்டவெளியில் நிற்பவருக்கு ஒரு மடக்குப் பேனலும் நல்ல பேட்டரியும் போதும். குளிர்காலம் முழுக்க லா போசாவில் கிடப்பவருக்கு 400 வாட்டும் இரண்டு லித்தியம் பேட்டரியும், பூங்கா வாடகையில் மிச்சமாகும் பணத்திலேயே ஒரு பருவத்துக்குள் ஈடாகிவிடும்.

ஆகவே, வாங்கும் எண்ணமுள்ளவர்கள் பேனல் விலையை விசாரிக்கும் முன் ஒரு பேட்டரி மானிட்டரைப் பொருத்திக்கொள்ளுங்கள். பிளக்கைச் சொருகாமல், எப்போதும்போல வாழ்ந்து, மூன்று இரவு வெளியே தங்குங்கள். தினமும் எத்தனை ஆம்பியர்-அவர் செலவாகிறது என்று எழுதிவையுங்கள். அந்த எண் எழுதிய தாள் கையில் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள்.