யானைக்கால் புழுவின் தந்திரம்

புதுச்சேரியிலிருந்து சென்னைக்குக் கடற்கரைச் சாலையில் போனால், வழியில் மரக்காணம் உப்பளங்களும் எக்கியார்குப்பம் முதலிய மீனவர் ஊர்களும் வரும். இந்தக் கடலோரத்துக்கு யானைக்கால் நோய் புதிதன்று. உங்கள் பாட்டியைக் கேட்டுப் பாருங்கள். சுகாதாரப் பணியாளர்கள் இரவில் வந்து விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுத்த கதையைச் சொல்லக்கூடும். இரவில் ஏன்? கியூலக்ஸ் கொசு கடிக்கும் அந்த நேரத்தில்தான் புழுவின் குஞ்சுகள் இரத்தத்தில் உலாவும்!

வளர்ந்த பெண் புழு பத்து சென்டிமீட்டர் வரை நீளும். அது குடியிருப்பது நிணநீர்க் குழாய்களில். நோய்க் கிருமிகளோடு போரிடும் வெள்ளையணுக்கள் போய்வரும் பாதையே அதுதான். எதிரியின் பாசறைக்குள் புகுந்துகொண்டு ஆறு முதல் எட்டு ஆண்டுகள் வாழ்வதென்றால் சாதாரணமா?

புழு சண்டையிடுவதில்லை, சமாதானம் செய்துகொள்கிறது. நம் உடம்பில் போரிடும் அணுக்களைப் போலவே, போரை நிறுத்தும் அணுக்களும் உண்டு. அவை 'ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள்'. (இவற்றைப் பற்றிய ஆராய்ச்சிக்கே 2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.) புழு சுரக்கும் பொருள்கள் இவற்றைப் பெருக்குகின்றன.

இப்படிச் செய்வது புழு மட்டுமன்று. கேழ்வரகுக் கூழிலுள்ள நார்ப்பொருள் நமக்குச் செரிக்காது. குடல் பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து பியூட்டிரிக் அமிலம் உண்டாக்கும். அந்த அமிலம் எலிகளின் குடலில் இதே அணுக்களைப் பெருக்குவது 2013இல் தெரியவந்தது. கிருமியே இல்லாத கூண்டில் வளர்த்த எலிகளுக்கோ எதிர்ப்பாற்றல் சரிவர வளர்வதில்லை.

புழுவின் சமாதானத்தால் நமக்கு ஏதாவது ஆகிறதா? சென்னையில் 1,416 பேரைச் சோதித்து 2010இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. நீரிழிவு இல்லாதவர்களில் 10.4 விழுக்காட்டினருக்கு யானைக்கால் புழுத் தொற்று இருந்தது. நீரிழிவுக்கு மருந்து உண்பவர்களிலோ 4.3 விழுக்காடுதான். இரண்டும் உள்ளவர்களின் இரத்தத்தில் அழற்சியைத் தூண்டும் பொருள்கள் குறைந்திருந்தன. நீரிழிவில் மெல்லிய, ஓயாத அழற்சிக்கும் பங்கு உண்டு. ஆயினும் புழுதான் நீரிழிவைத் தடுத்தது என்று இதைக்கொண்டு முடிவுகட்ட முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்படுவது வேறு, ஒன்றால் மற்றொன்று விளைவது வேறு.

அதற்காகப் புழுவை வரவேற்க வேண்டாம்! காலை வீங்கவைப்பது ஒருபுறம். காசநோய்க் கிருமிக்கு எதிராக எழவேண்டிய எதிர்ப்பையும் அது தணித்துவிடுவதைச் சென்னையில் நடந்த வேறு ஆய்வுகள் காட்டின.

புழு வேண்டாம், அதன் தந்திரம் மட்டும் போதும் என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். எலி வகைகளில் வாழும் யானைக்கால் புழுவின் உறவுப் புழு ஒன்று இ.எஸ்.-62 என்னும் புரதத்தைச் சுரக்கிறது. அதை ஒத்த சிறு மூலக்கூறுகளைச் செயற்கையாகச் செய்து, மூட்டழற்சி கண்ட சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். வீக்கம் குறைந்தது.